குருவி மூக்கு ஜக்கும் இங்கிலாந்தில் வரைந்த சீனாவும்

சீனாவில் தேநீரில் பால் ஊற்றும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. மங்கோலியர்களும் திபெத்தியர்களும் செய்வது வேறு. இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகத் தேயிலை போன கேன்டன் துறைமுகப் (இன்றைய குவாங்சோ) பக்கமெல்லாம் வெறும் தேநீர்தான், அதனால் தேநீர்த் தட்டில் பாலுக்கென்று தனியாக ஒரு பாத்திரம் வைக்கும் தேவையே அங்கே வரவில்லை. பால் ஜக் என்பது ஐரோப்பியப் பழக்கத்துக்காகப் பிறந்த பொருள். ஆனால் 1750க்கும் 1800க்கும் நடுவில் இங்கிலாந்தில் செய்த பீங்கான் பால் ஜக்குகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வயிற்றைச் சுற்றி நீலத்தில் ஓர் ஆறு, கரையில் வளைந்த கூரை வீடு, சாய்ந்த மரம், படகில் தொப்பி போட்ட ஒரு மீனவர். சீனர்களுக்குத் தேவையே இல்லாத பாத்திரத்தில், சீனாவைக் கண்ணால் பார்த்தேயிராத ஆட்கள் வரைந்த சீனா.

எனக்கு இந்தச் சின்னப் பாத்திரங்கள் மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் இதுதான். இவற்றைப் பலரும் "சீனப் பீங்கானின் மலிவான நகல்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியான பார்வை இல்லை என்பது என் கருத்து. நகல் எடுக்கும்போது எது புரிந்தது, எது புரியவில்லை, புரியாத இடத்தை எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பதெல்லாம் அப்படியே அந்த மண்ணில் வெந்து நின்றுவிட்டது. சேகரிப்பவருக்குக் கிடைப்பது அந்த ஆவணம்தான்.

முதலில் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது குருவி மூக்கு ஜக். பேரிக்காய் மாதிரி அடி பருத்த உடல், ஒரு வளையக் கைப்பிடி, வாயோரத்தில் முக்கோணமாகக் கூர்ந்து நிற்கும் சின்ன மூக்கு, சிட்டுக்குருவியின் அலகு போலிருப்பதால் அந்தப் பெயர். உயரம் பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும், மூடி போட்டவை கொஞ்சம் பெரிது. இன்னொரு வகை தாழ்ந்து நீண்ட படகு வடிவம், அதைக் கிரீம் படகு என்பார்கள்; அடியிலிருந்து இலைகள் மேலே விரிவது போல வார்த்ததைச் செல்சி யூவர் (யூவர் என்றால் ஊற்றும் ஜாடி) என்றும், மூக்குக்குக் கீழே டால்பின் உருவங்கள் புடைத்திருப்பதை டால்பின் யூவர் என்றும் அழைக்கிறார்கள். நூற்றாண்டின் கடைசியில் தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரியான ஹெல்மெட் ஜக்குகள் வந்தன.

இந்த வடிவங்களில் பலவும் வெள்ளிப் பாத்திரத்திலிருந்து வந்தவை. செல்சி பீங்கான் ஆலையை நடத்திய நிக்கோலஸ் ஸ்ப்ரிமான்ட் லியேஜ் நகரிலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு வெள்ளிக் கொல்லர். அந்த ஆலையின் மிகப் பழைய பொருள்களில் ஒன்றே ஒரு பால் ஜக்தான்: அடியில் இரண்டு ஆடுகள் படுத்திருக்கும், மூக்குக்குக் கீழே ஒரு தேனீ ஊரும், சிலவற்றின் அடிப்பக்கத்தில் "செல்சி 1745" என்று கீறியிருக்கும். அதில் சீனா எதுவும் இல்லை, இருந்தாலும் பால் ஜக் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. ஐரோப்பிய வணிகர்கள் தங்களுக்கு வேண்டிய பாத்திரங்களின் மாதிரிகளைக் கேன்டனுக்கு அனுப்ப, சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேசென் சூளைகளில் அதேபோலச் செய்து நீலத்தில் சீனக் காட்சி வரைந்து திருப்பி அனுப்பினார்கள். அந்த ஜக்குகள் லண்டனில் விலைபோனதும் ஆங்கில ஆலைகள் அவற்றைப் பார்த்து நகல் எடுத்தன. அதாவது ஐரோப்பிய வடிவம் சீனா போய், சீன உடுப்பு போட்டுத் திரும்பி வந்து, இங்கிலாந்தில் மறுபடி ஆங்கில மண்ணில் பிறந்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நேர்கோட்டில் சொல்ல முடியாத பொருள் இது.

அந்தக் கப்பல்களில் பல சென்னை வழியாகப் போனவை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பயணக் குறிப்புகளில் "கரையும் சீனாவும்" என்றொரு வழித்தடம் அடிக்கடி வரும். அதில் கரை என்பது நம் சோழமண்டலக் கரை. கப்பல் இங்கே நின்று சரக்கு மாற்றிக்கொண்டு கேன்டனுக்குப் போய், தேயிலையும் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும். தேயிலை ஈரம் படக்கூடாத சரக்கு, பீங்கான் கனமானது, தண்ணீர் பட்டாலும் கெடாது, எனவே கப்பலின் அடித்தளத்தில் பீங்கான் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் தேயிலையை வைத்தார்கள். தேயிலை வாணிகம் பெருகப் பெருகச் சீனப் பீங்கானும் கூடவே மலிவாக வந்து குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வெள்ளத்துக்கு எதிரே நின்று ஆங்கிலேயர்கள் தாங்களே பீங்கான் செய்யப் பார்த்த கதை இன்னும் சுவையானது. உண்மையான பீங்கானுக்குக் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும், உயர்ந்த வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் இறுகும் ஒருவகைக் கல்லும் வேண்டும். ஜெர்மனியில் மைசன் ஆலை 1710இலேயே இதைக் கைக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் 1740களில் தொடங்கியவர்களுக்கு அந்தச் சேர்மானம் வாய்க்கவில்லை, ஆளாளுக்கு ஒரு மாற்று தேடினார்கள். தாமஸ் ஃப்ரையும் எட்வர்ட் ஹெய்லினும் 1744இல் எடுத்த காப்புரிமையில் அமெரிக்காவில் செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து வந்த உனேக்கர் என்ற மண் பேசப்படுகிறது. பிறகு கிழக்கு லண்டனில் இவர்கள் தொடர்புடைய போ (Bow) ஆலை எலும்புச் சாம்பலைக் கலந்து மென்பீங்கான் செய்தது, அதாவது உண்மையான பீங்கானுக்கு ஒரு மாற்று. தன் ஆலைக்கே "நியூ கேன்டன்" என்று பெயர் சூட்டிக்கொண்டது போ. "நியூ கேன்டனில் செய்தது, 1750" என்று எழுதிய மைக்கூடுகள் இன்றும் இருக்கின்றன. யாரை எதிர்த்துப் போட்டி என்பதை மறைக்கவே இல்லை.

பிரிஸ்டலில் பெஞ்சமின் லண்ட் வேறொரு வழியில் போனார். கார்ன்வாலின் லிசார்ட் முனையில் கிடைத்த சோப்புக்கல்லை வெட்ட 1748இல் உரிமம் வாங்கி, அதை அரைத்து மண்ணில் கலந்தார். நம்மூரில் கல்சட்டி குடைகிறார்களே, அந்த மாக்கல் வகைதான். கல்சட்டி சூடு தாங்குவது போல இந்தப் பீங்கானும் கொதிநீரைத் தாங்கியது. 1751இல் வூஸ்டர் நகரில் ஜான் வால் என்ற மருத்துவரும் வில்லியம் டேவிஸ் என்ற மருந்துக்கடைக்காரரும் இன்னும் சில பங்காளிகளும் சேர்ந்து தொடங்கிய ஆலை, அடுத்த ஆண்டே பிரிஸ்டல் தொழிலை அப்படியே தன்னோடு சேர்த்துக்கொண்டது. மற்ற ஆலைகளின் தேநீர்க் கெண்டிகள் வெந்நீர் பட்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் வூஸ்டர் கெண்டி வெடிக்கவில்லை, அது ஒன்றே அதன் வியாபாரத்தை நிலைநிறுத்தப் போதுமானதாக இருந்தது.

பால் ஜக்குக்கு இந்தக் கவலை இல்லை. கொதிநீர் அதில் படாது. ஆகவே தேநீர்க் கெண்டியில் தடுமாறிய ஆலைகளும் பால் ஜக்கைத் துணிந்து செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன், ஏறக்குறைய எல்லா ஆங்கில ஆலைகளுக்கும் ஏதோ ஒரு பால் ஜக் இருப்பது சேகரிப்பவருக்கு வசதி. செல்சி, போ, லைம்ஹவுஸ், பிரிஸ்டல், வூஸ்டர், வாக்ஸ்ஹால், டெர்பி, லிவர்பூலின் பல பட்டறைகள், லோஸ்டாஃப்ட், காக்லி, பிளிமத், நியூ ஹால் என்று அரை நூற்றாண்டின் முழு வரலாற்றையும் ஒரே அலமாரித் தட்டில் நிறுத்திவிடலாம். தேநீர்க் கெண்டிகளால் இதைச் செய்ய நிறைய இடமும் நிறையப் பணமும் வேண்டும்.

வூஸ்டரின் தொடக்க ஆண்டுகளில் செய்த ஒரு சின்னக் கிரீம் படகின் அடியில் "விகோர்னியா" என்று புடைப்பாக எழுதியிருக்கிறது, வூஸ்டர் நகரின் இலத்தீன் பெயர். உள்ளங்கையில் அடங்கும் அளவு. வெள்ளிப் பாத்திரத்தில் வரும் வளைவு நெளிவெல்லாம் மண்ணில் வார்த்து, நடுவே சீனக் காட்சியை வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். ஐரோப்பிய அலங்காரச் சட்டத்துக்குள் சீன ஓவியத்தை உட்கார வைத்த சேர்க்கை இது. 1750களின் முதல் பாதியில் வந்த இந்த வார்ப்புக் கிரீம் படகுகளைத்தான் ஆங்கிலப் பீங்கானின் உச்சம் என்று நான் சொல்வேன். பின்னால் வந்த பொன்முலாம் பூசிய பெரிய ஜாடிகளுக்கெல்லாம் இவற்றுக்கு அடுத்த இடம்தான்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். நீலம் என்பது கோபால்ட். முதல் சூட்டில் வெந்த பாத்திரம் ஈரத்தை உறிஞ்சும் நிலையில் இருக்கும்; அதன்மேல் கோபால்ட் கலவையைத் தூரிகையால் தொட்டால் உடனே இழுத்துக்கொள்ளும், அழிக்க முடியாது, திருத்த முடியாது. அந்த நேரத்தில் அது நீலமாகவும் தெரியாது, மங்கிய கருமையாக இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சில் முக்கி மறுபடி சூளையில் வைத்து எடுத்த பிறகே நீலம் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்த ஆட்களின் கைவேகம் அந்தக் கோடுகளில் தெரிகிறது. ஒரே வடிவமைப்பை வரைந்த இரண்டு ஜக்குகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு கைகளை எளிதாகப் பிரித்துவிடலாம். வூஸ்டரில் தொடக்கத்தில் ஓவியர்கள் கைப்பிடியின் அருகிலோ அடியிலோ ஆளுக்கொரு சின்னக் குறி போட்டார்கள், பெயர் நமக்குத் தெரியாமல் போனாலும் கை தெரிகிறது.

இவர்கள் பார்த்து வரைந்தது சீனாவை அல்ல, சீனப் பாத்திரத்தை. சீனத் தோட்டங்களில் அறிஞர்கள் விரும்பி வைக்கும் ஓட்டைகள் நிறைந்த பாறைகள் ஆங்கிலக் கையில் வந்ததும் கிழங்கு மாதிரியோ மேகம் மாதிரியோ ஆகிவிடுகின்றன, காரணம் அப்படியொரு பாறையை ரசித்து நட்டு வைப்பார்கள் என்பதே இவர்களுக்குத் தெரியாது. வேலி எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடியும். தீவுகள் தண்ணீரில்லாமல் அந்தரத்தில் மிதக்கும். சீன அரசக் காலக் குறியீட்டு எழுத்துகள் அடிப்பக்கத்தில் வெறும் கிறுக்கலாக மாறும். ஒல்லியாக உயரமாக நிற்கும் சீனப் பெண் உருவங்களுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பட்டப்பெயரைத் திரித்து ஆங்கிலேயர்கள் "லாங் எலிசா" என்றார்கள், அந்தப் பெண்கள் வூஸ்டர் ஜக்குகளில் கையில் விசிறியோடு நிற்கிறார்கள். லிவர்பூலில் ரிச்சர்ட் சாஃபர்ஸ் பட்டறையில் செய்தவற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் குதிக்கும் சிறுவனைப் பார்க்கலாம். "பீரங்கிக் குண்டு", "பிளம் மரவேர்", "பாறைத் தீவு" என்று இன்று வழங்கும் பெயர்களில் பெரும்பாலானவை பின்னாளில் சேகரிப்பாளர்கள் வைத்தவை.

இந்த ஓவியங்களில் வரும் சீனா இதமான, வேலையே இல்லாத ஊர். எல்லாரும் மீன் பிடிக்கிறார்கள், பாலத்தில் நடக்கிறார்கள், குடை பிடித்து நிற்கிறார்கள். அதே தட்டில் பால் ஜக்குக்குப் பக்கத்தில் இருந்த சர்க்கரை கரீபியன் தீவுகளில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விளைவித்தது, தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி போதாமல் பின்னால் கம்பெனி இந்தியாவில் அபின் விளைவித்ததும் நமக்குத் தெரியும். ஜக்கின் அழகை ரசிக்கும்போது இதை மறக்க எனக்கு மனமில்லை, இதைச் சொல்வதால் அழகு குறைந்துவிடுவதும் இல்லை.

கையால் வரைவது மெதுவான வேலை, அதனால் அச்சு வந்தது. செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி, மெல்லிய தாளில் அழுத்தி எடுத்து, அந்தத் தாளைப் பாத்திரத்தின் மேல் ஒட்டித் தேய்த்தால் படம் இறங்கிவிடும். லிவர்பூலில் ஜான் சாட்லரும் கை கிரீனும் 1756இல் ஆறு மணி நேரத்துக்குள் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் அச்சிட்டோம் என்று சத்தியப் பிரமாணம் செய்து பதிந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ராபர்ட் ஹேன்காக் என்ற செதுக்குநர் வூஸ்டருக்கு வந்து சேர்ந்தார், சில ஆண்டுகளில் பூச்சுக்கு அடியில் நீலத்திலேயே அச்சிடும் முறை அங்கே பழகிவிட்டது. அச்சைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: நிழல் விழும் இடத்தில் தூரிகையால் நீர்க்கப் பூசிய நிறம் இருக்காது, நுண்ணிய இணைகோடுகள் இருக்கும். பால் ஜக்கின் வயிறு உருண்டையாக வளைவதால் தாள் மடிந்த இடமும், இரண்டு துண்டு சேராமல் விட்ட இடமும் கைப்பிடிக்குக் கீழே பெரும்பாலும் தெரியும்.

அச்சிட்ட ஜக்குகளில் எல்லாரும் முதலில் சந்திப்பது மீனவர் காட்சி. வூஸ்டரும் செய்தது, ஷ்ராப்ஷயரில் தாமஸ் டர்னர் நடத்திய காக்லி ஆலையும் செய்தது, இரண்டும் சட்டென்று பார்த்தால் ஒன்றுதான். படத்தில் நிற்கும் மனிதன் கையிலுள்ள மீனைப் பாருங்கள். காக்லியில் அது குட்டையாகக் கொழுத்திருக்கும், வூஸ்டரில் நீண்டு ஒல்லியாக இருக்கும். இன்னொரு வழி வெளிச்சம். சின்ன டார்ச்சை ஜக்குக்குள் விட்டு இருட்டில் பார்த்தால் வூஸ்டரின் உடல் பெரும்பாலும் லேசான பச்சையாகவும், காக்லியுடையது வைக்கோல் அல்லது ஆரஞ்சு சாயலிலும் ஒளிரும். இவற்றில் எதையும் தனியாக நம்பக்கூடாது. மீன், வெளிச்சம், அடிவளையம், கைப்பிடியின் வளைவு, கனம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அடிப்பக்கத்துக் குறியை நம்புவது அதைவிட ஆபத்து. வூஸ்டரின் பிறைக் குறியை லோஸ்டாஃப்ட் போட்டது, மைசனின் குறுக்கு வாள்களை ஆங்கில ஆலைகள் பல போட்டன, சீன எழுத்து மாதிரியான குறியை எல்லாருமே போட்டார்கள். சீன எழுத்துபோல் வளைத்து எழுதிய 1, 2, 3 போன்ற எண்கள் அச்சுப் பீங்கான்களின் அடியில் வரும். அவற்றை நெடுங்காலம் காக்லியின் குறி என்றே எல்லாரும் நம்பினார்கள். வூஸ்டரின் பழைய ஆலை இருந்த செவர்ன் ஆற்றங்கரையில் தோண்டியபோது அதே குறி போட்ட உடைசல்கள் வந்ததும், அவையெல்லாம் வூஸ்டர் என்று ஆயிற்று. இந்தத் துறையில் தரையைத் தோண்டியபோதெல்லாம் அலமாரியில் பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது. லிவர்பூலில் வில்லியம் பால் செய்தது என்று பதிந்திருந்தவை 1980களின் அகழ்வுக்குப் பிறகு லண்டனின் வாக்ஸ்ஹால் ஆயின, வில்லியம் ரீட் பெயரில் இருந்தவற்றில் பல 1990இல் லைம்ஹவுஸில் தோண்டிய பிறகு அங்கே போய்விட்டன. பழைய ஏலப் பட்டியலில் "லிவர்பூல்" என்று கண்டால் அந்தப் பட்டியலின் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோஸ்டாஃப்ட் கதை இதையெல்லாம் மிஞ்சும். சஃபோக் கடற்கரையில் 1757இல் தொடங்கிய சின்ன ஆலை அது, உள்ளூர் மக்களுக்கும் வந்து போகும் பயணிகளுக்கும் எளிய நீல வெள்ளைப் பாத்திரங்கள் செய்தது, தனக்கென்று குறி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் சாஃபர்ஸ் என்ற பீங்கான் குறி நிபுணர் (லிவர்பூல் பட்டறைக்காரர் வேறு, இவர் வேறு), ஆங்கிலக் குடும்பங்களின் முத்திரை பொறித்த ஏராளமான பீங்கான்களை லோஸ்டாஃப்டில் செய்தவை என்று எழுதிவிட்டார். உண்மையில் அவை ஆங்கிலேயர்கள் கேட்டபடி சீனாவில் செய்து வரவழைத்தவை. ஒரு சின்ன ஊர் ஆலை அவ்வளவையும் செய்திருக்க வழியில்லை, மண்ணும் வேறு. 1900களின் தொடக்கத்தில் அந்த ஆலை இருந்த இடத்தில் அச்சுகளும் உடைசல்களும் கிடைத்து உண்மையான லோஸ்டாஃப்ட் எது என்று தெளிவான பிறகும், அமெரிக்காவில் சீன ஏற்றுமதிப் பீங்கானை "சைனீஸ் லோஸ்டாஃப்ட்" என்று சொல்லும் பழக்கம் வெகுகாலம் நீடித்தது. ஆங்கிலேயர் சீனத்தை நகலெடுக்க, சீனத்தையே ஆங்கிலம் என்று எழுதிவைக்கும் நிலை வந்தது பாருங்கள். உண்மையான லோஸ்டாஃப்ட் குருவி மூக்கு ஜக்குகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கோடு கொஞ்சம் தடுமாறும், நீலம் கொஞ்சம் கலங்கும், ஆனால் ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களுக்காகச் செய்த நெருக்கம் அதில் இருக்கிறது.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்றால், தேயிலை வரி குறைந்ததும் சீனப் பீங்கான் நின்றதும் அடுத்தடுத்து நடந்தன. 1784இல் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது, தேநீர் எளிய வீடுகளுக்கும் தாராளமாகப் போனது, பாத்திரத் தேவை பெருகியது. 1791இல் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. பாண்டத் தொழில் குவிந்திருந்த ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்து ஆலைகளுக்கு இதைவிட நல்ல காலம் இருந்திருக்க முடியாது. 1768இல் வில்லியம் குக்வொர்தி கார்ன்வால் மண்ணைக்கொண்டு பிளிமத்தில் காப்புரிமை பெற்ற கடினப் பீங்கான் முறை (கயோலினும் கல்லும் சேர்ந்த உண்மையான பீங்கான்) பிரிஸ்டல் வழியாக நியூ ஹால் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அவர்களின் ஹெல்மெட் ஜக்குகளில் சாளரத்தில் எட்டிப் பார்க்கும் சீனச் சிறுவன் பளிச்சென்ற வண்ணங்களில் வருவான். 1800ஐ ஒட்டி ஸ்போட் ஆலை எலும்புச் சாம்பல் பாதிக்குப் பாதி சேர்த்த போன் சைனாவை நிலைப்படுத்தியதும் பழைய மென்பீங்கான் ஆலைகளின் காலம் முடிந்தது. இன்று எல்லாருக்கும் தெரிந்த வில்லோ படம் (வில்லோ மரம், பாலம், இரண்டு பறவைகள் கொண்ட நீலக் காட்சி) இந்தக் கடைசிக் காலத்து இங்கிலாந்தில் சீன மாதிரிகளைக் கலந்து உருவானது. காதலர்கள் புறாக்களாகப் பறந்த அதன் கதை சீனத்துப் பழங்கதை இல்லை, படம் பரவி வெகுகாலம் கழித்து இங்கிலாந்தில் கட்டியது.

இப்போது வாங்குவது பற்றி. ஒரு தேநீர்ச் செட்டில் கிண்ணங்கள் பல, பால் ஜக் ஒன்றே ஒன்று, அதிலும் மூக்கும் கைப்பிடியும் முதலில் உடையும் இடங்கள். எனவே முழுமையான ஜக் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் முதலில் அந்த மூக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடைந்த மூக்கைச் செயற்கைப் பசையால் கட்டி மேலே பூச்சு அடித்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. உதட்டிலோ நகத்திலோ மெல்லத் தடவினால் பீங்கானின் குளிர்ச்சியும் வழுவழுப்பும் அந்த இடத்தில் மாறும், புற ஊதா விளக்கில் பூசிய பகுதி தனியாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் செப்புக் கம்பியால் தைத்த ஜக்குகள் வேறு. அந்தத் தையல் நேர்மையானது, ஒருவர் தூக்கிப்போடாமல் பழுதுபார்த்து வைத்துக்கொண்டதற்கான அடையாளம், நான் அதைக் குறையாகவே நினைப்பதில்லை.

போலிகளில் அதிகம் பேசப்படுவது பாரிஸின் சாம்சன் ஆலை. 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகத் துண்டுகளை நகலெடுத்த அவர்கள் ஆங்கில வகைகளையும் செய்தார்கள், ஆனால் கடினப் பீங்கானில் செய்தார்கள், அதனால் உடைந்த விளிம்பும் வெளிச்சத்தில் தெரியும் நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட எளிதில் ஏமாற்றுவது, உண்மையான நீல வெள்ளை ஜக்கின் மேல் பிற்காலத்தில் சிவப்பும் பச்சையும் பொன்னும் ஏற்றி விலை கூட்டிய வேலை. நீலக் கோட்டோடு ஒட்டாமல் மேல் வண்ணம் தன்போக்கில் போகும், பழைய கீறல்களின் மேலேயே வண்ணம் ஏறியிருக்கும்.

வூஸ்டரின் அடிவளையத்துக்குள் கவனித்தால் பூச்சு வளையத்தை ஒட்டாமல் சற்றுப் பின்வாங்கி, ஒரு மெல்லிய வெற்றுக் கோட்டை விட்டிருக்கும். பூச்சில் வலைபோன்ற நுண்வெடிப்பு அநேகமாக இருக்காது. போ ஜக்கைத் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். இவையெல்லாம் கைக்குப் பழகினால் வரும், படத்தைப் பார்த்து வராது. தொடங்குபவர் விரிசல் விட்ட, கைப்பிடி போன ஜக்குகளையே முதலில் வாங்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். முழுசுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பகுதிக்கு அவை கிடைக்கும். உடைந்த விளிம்பில் மண்ணின் உட்புறத்தையே பார்க்கலாம், அது நல்ல ஜக் காட்டாத பாடம். ஆனால் அவற்றில் பாலோ தேநீரோ ஊற்ற வேண்டாம், விரிசலில் கறை இறங்கிவிடும், பழைய பசையும் வெந்நீரில் இளகும்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்றால் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதல். ஷார்லட் ஷ்ரைபர் என்ற சீமாட்டி கணவரோடு ஐரோப்பா முழுக்க அலைந்து சேர்த்த ஆங்கிலப் பீங்கானை 1884இல் அங்கே கொடுத்தார், இன்றும் அந்தத் தொகுப்புதான் அடித்தளம். விகோர்னியா படகைப் பார்க்க ராயல் வூஸ்டர் அருங்காட்சியகம், லோஸ்டாஃப்டுக்கு அந்த ஊர் அருங்காட்சியகமும் நாரிச் கோட்டையும். லண்டன் போக முடியாதவர்கள் விக்டோரியா ஆல்பர்ட் தளத்தில் பெரிய படங்களாகவே பார்க்கலாம். அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருக்கும் துண்டுகளிலிருந்து தொடங்குங்கள், ஒரே ஆலையின் பத்துப் பன்னிரண்டு அடிவளையங்களை அடுத்தடுத்துப் பார்த்த பிறகு முன்பக்கத்து ஆற்றுக்கும் படகுக்கும் வரலாம்.